மேகத்திலிருந்து வருபவர், மேகத்துக்குக் கீழே பறப்பவர்

கொல்கத்தாவில் மேகம் கவிந்த ஒரு காலை. சென்னையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் வந்த ஜெட் விமானம் டம்டம் விமான நிலையத்தில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. விமானியின் கண்ணாடிக்கு வெளியே வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை. அவர் நம்பியிருப்பது எதிரே உள்ள திரைகளையும் எண்களையும்தான். அதே நேரத்தில் நகரின் தெற்கே, பெஹாலாவின் சின்ன ஓடுபாதையிலிருந்து கிளம்பிய இரண்டு இருக்கை விமானம் ஒன்று மேகத்துக்குக் கீழே பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டுபவர் ஹூக்ளி ஆற்றின் வளைவையும் வித்யாசாகர் சேது பாலத்தின் கம்பிகளையும் பார்த்துத் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறார். இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஜெட் விமானத்துக்கு அது மூன்று நிமிடப் பயணம்.

இந்த இருவரும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது யார்?

கட்டுப்பாட்டு அறையில் ரேடார் திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் என்று உடனே சொல்லத் தோன்றும். டம்டத்தைச் சுற்றியுள்ள வானத்துக்கு அந்த விடை ஏறக்குறையச் சரி. இருவருமே அவரிடம் அனுமதி பெற்றுத்தான் அங்கே நுழைய முடியும்; இருவரையும் அவர் அறிவார்; ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்வார். ஆனால் நகரைவிட்டு வெகுதூரம் விலகி, பெரிய விமான நிலையங்களின் எல்லைக்கு வெளியே, தாழ்வான உயரத்துக்கு வாருங்கள். அங்கேயும் ஒருவர் மேகத்துக்குள்ளும் இன்னொருவர் மேகத்துக்குக் கீழும் பறக்கலாம். இருவரும் சட்டப்படியே பறக்கிறார்கள். அவர்களைப் பிரித்துவைக்கும் பொறுப்பு யாருடையது என்று விதிகளைப் புரட்டினால், தரையில் இருக்கும் யாருடையதும் இல்லை என்பதே விடை. அவர்கள்தான் ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். மேகத்துக்குள் இருப்பவர் எதைப் பார்ப்பார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

வானத்துக்கு வேலி இல்லை என்றாலும் வகுப்பு உண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வான்வெளியை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஏ என்றால் கட்டுப்பாடு முழுமை. எழுத்து நகர நகரக் கட்டுப்பாடு தளரும். இந்தியா நெடுங்காலமாகப் பயன்படுத்திவருவது கடைசி நான்கை: டி, ஈ, எஃப், ஜி. விமான நிலையங்களைச் சுற்றிய பகுதியும் அவற்றை இணைக்கும் பெரும் வான்பாதைகளும் டி வகுப்பு. எதிலும் சேராமல் மிஞ்சும் வெளி ஜி வகுப்பு. அதுவே கட்டுப்பாடற்ற வான்வெளி. அங்கே கேட்டால் தகவல் கிடைக்கும். யாரும் உங்களுக்காக இடைவெளி போட்டுத் தரமாட்டார்கள்.

பறப்பதிலும் இரண்டு முறைகள். கண்ணால் பார்த்து, பார்த்ததை வைத்து முடிவெடுத்துப் பறப்பது பார்வைவழிப் பறத்தல். விமானிகள் இதை வி.எஃப்.ஆர். என்பார்கள். தொடுவானம் தெரிய வேண்டும், தரை தெரிய வேண்டும், மேகத்துக்குள் நுழையக் கூடாது. கருவிகளை மட்டுமே நம்பி, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் வகுக்கப்பட்ட பாதையில் பறப்பது கருவிவழிப் பறத்தல், அதாவது ஐ.எஃப்.ஆர். இதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் கருவிகளும் தேவை. பயணிகள் விமானங்கள் வானம் பளிச்சென்று இருந்தாலும் பெரும்பாலும் இந்த முறையில்தான் பறக்கின்றன.

இந்த இரண்டு முறைகளுக்கும் 1929ஆம் ஆண்டோடு ஒரு தொடர்பு உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் டம்டத்தில் பெங்கால் பிளையிங் கிளப்பைத் தொடங்கிவைத்தார். அங்கே பறந்தவர்கள் ஆற்றையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்துப் பறந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, நியூயார்க்கை அடுத்த மிட்செல் திடலில், ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையை முழுவதும் திரையிட்டு மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்தே ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். தொடுவானத்தைக் காட்டும் சுழலி, திசை காட்டும் சுழலி, நுட்பமான உயரமானி ஆகியவை அவருக்குத் துணை. இந்தச் சோதனையில் என் மனத்தில் தங்கிய செய்தி வேறு. முன் இருக்கையில் பென்ஜமின் கெல்சி என்ற இன்னொரு விமானி திரையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் விமானத்தை ஓட்டவில்லை. ஏதும் தவறினால் கையில் எடுக்கவும், வேறு விமானம் குறுக்கே வருகிறதா என்று பார்க்கவும் அவர் இருந்தார். கருவிவழிப் பறத்தல் பிறந்த நாளிலேயே, கருவி சொல்லாத ஒன்று உண்டு என்பதை அதை உருவாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். தான் எங்கே என்பதை உயரமானியும் திசைகாட்டியும் சொல்லும். பிறர் எங்கே என்பதை அவை சொல்லா.

அந்தக் காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. இம்பீரியல் ஏர்வேஸும் கே.எல்.எம்.மும் டம்டத்தில் நின்று கிழக்கே போன நாட்கள் அவை. 1937 ஜூனில் உலகைச் சுற்றிவந்த அமீலியா இயர்ஹார்ட் கராச்சியிலிருந்து வந்து மழையில் ஊறிக் கிடந்த அந்தத் திடலில்தான் இறங்கினார். வானத்தில் ஆள் குறைவு, வேகமும் குறைவு. கண் போதும் என்று நம்ப இடமிருந்தது.

கண்ணை நம்பும் இந்த ஒழுங்கு கடலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்தது. ஹூக்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தா துறைமுகத்துக்கு வரும் கப்பல், கடல் முகத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் மணல்திட்டுகளுக்கு நடுவே வர வேண்டும். அதற்கென்று ஆற்றை அறிந்த வழிகாட்டி மாலுமி ஒருவர் ஏறிக்கொள்கிறார். ஆழம் காட்டும் கருவி, ரேடியோ, குறித்துவைத்த கால்வாய் எல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் கப்பலைச் சட்டென்று திருப்ப முடியாது. அதே ஆற்றில் நாட்டுப்படகு ஒன்று இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகிறது. படகோட்டிக்கு ரேடியோ இல்லை, வரைபடம் இல்லை. அவர் கண்தான் எல்லாம். கப்பல் கருவிவழி விமானத்தைப் போன்றது. படகு பார்வைவழி விமானத்தைப் போன்றது. பகலில், தெளிந்த வெளிச்சத்தில், இருவரும் ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. பனிமூட்டம் இறங்கினால் படகுகள் கரையில் நிற்கின்றன.

விமான விதிகள் பலவும் நேரே கப்பல் விதிகளின் வழிவந்தவைதாம். இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் விலக வேண்டும். குறுக்கே வந்தால் யாருக்கு வலப்பக்கத்தில் மற்றவர் இருக்கிறாரோ அவர் வழிவிட வேண்டும். மாலுமிகள் கற்றுத்தந்த இன்னொரு பாடம் இன்னும் முக்கியமானது. எதிரே வரும் கலம் நம் பார்வையில் இடமோ வலமோ நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை. அது நம்மைக் கடந்துபோய்விடும். ஒரே திசையில் அசையாமல் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் அதுதான் மோதப்போகும் கலம்.

மனிதக் கண்ணின் பலவீனம் சரியாக இங்கேதான் இருக்கிறது. அசைவதைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அசையாததைக் கவனிக்காமல் விட்டுவிடும். மோதாமல் போகும் விமானங்கள் கண்ணாடியில் நகர்ந்து கவனத்தை ஈர்க்கின்றன. மோதவரும் விமானம் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியின் இடத்தில், அசையாத ஒரு புள்ளியாக நிற்கிறது. அந்தப் புள்ளி வளரும் விதமும் ஏமாற்றுகிறது. தூரம் பாதியானால்தான் உருவம் இருமடங்காகும். மோதலுக்குப் பத்து விநாடி முன் இருந்த அளவு, ஐந்து விநாடி முன் இரட்டிப்பாகும். அடுத்த இரட்டிப்பு இரண்டரை விநாடியில் வரும். வளர்ச்சி முழுவதும் கடைசிக் கணங்களில் குவிந்திருக்கிறது.

எண்களை வைத்துப் பார்ப்போம். அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குத் தரும் வழிகாட்டியில், ஒன்றைக் கண்டதிலிருந்து விமானம் உண்மையில் விலகும்வரை சுமார் 12.5 விநாடி ஆகும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு, அது மோதும் பாதையில் வருகிறது என்று உணர்வதற்கும், எந்தப் பக்கம் திரும்புவது என்று தீர்மானிப்பதற்கும் போகிறது. கை அசைய அரை விநாடிகூட வேண்டாம். இனி ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு 330 கிலோமீட்டரிலும் ஒரு பயிற்சி விமானம் 170 கிலோமீட்டரிலும் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். இருவருக்கும் இடையிலான தூரம் விநாடிக்கு 139 மீட்டர் வீதம் சுருங்கும். 12.5 விநாடி வேண்டுமென்றால் குறைந்தது 1,700 மீட்டருக்கு அப்பால் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் பயிற்சி விமானத்தின் பத்து மீட்டர் இறக்கை முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். அதுவும் முன்னிருந்து பார்க்கையில் வெறும் கோடு. உடற்பகுதி அதில் பத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு தூரத்தில் விமானிகள் உண்மையில் பார்க்கிறார்களா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் ஜே. டபிள்யூ. ஆண்ட்ரூஸ் நடத்திய சோதனையில், வேறொரு காரணத்துக்காகப் பறப்பதாக நினைத்துக்கொண்டிருந்த சாதாரண விமானிகளின் அருகே இன்னொரு விமானத்தை வரவைத்தார்கள். 64 சந்திப்புகளில் 36 முறைதான் அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். கண்ட தூரத்தின் நடுமதிப்பு ஒரு கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறத்தாழ 1,800 மீட்டர். நாம் கணக்கிட்ட தேவையின் விளிம்பிலேயே அது நிற்கிறது. நல்ல வானிலை, நல்ல பார்வை, பயிற்சி பெற்ற ஆட்கள். அப்படியும் பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. அதே ஆய்வு வரிசையில் கிடைத்த இன்னொரு முடிவு நம்பிக்கை தருவது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், ஒரு விநாடித் தேடல் எட்டு விநாடித் தேடலுக்குச் சமமாகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்ணின் மற்ற வரம்புகளையும் சேர்க்க வேண்டும். கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவில் சுமார் இரண்டு பாகை அகலம் மட்டுமே. வெறும் நீலத்தையோ வெண்மூட்டத்தையோ நோக்கும்போது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கண் தானாகவே அருகில் குவிந்துவிடுகிறது; தொலைவில் உள்ளது மங்குகிறது. குளிர்காலத்தில் புகையும் பனியும் கலந்து நகரின்மேல் தேங்கும் கொல்கத்தாவில் இது சின்ன விஷயமல்ல. விமானத்தின் அமைப்பும் மறைக்கும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே. மேலிருந்து இறங்குவதை அது மறைத்துவிடும். பைப்பர் போன்ற விமானங்களுக்கு இறக்கை காலடியில். கீழே போவதை அது மறைக்கும். ஒரு பைப்பர் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்க, அதற்கு நேர்கீழே ஒரு செஸ்னா பறந்தால், இரண்டு விமானிகளும் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் ஒருவரையொருவர் காண வழியில்லை.

இப்போது மேகத்துக்கு வருவோம். பார்வைவழி விமானி மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேல்கீழாக 300 மீட்டரும் தள்ளியே இருக்க வேண்டும், ஐந்து கிலோமீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. தாம் தவறி மேகத்துக்குள் போய்விடக் கூடாது என்பதற்கான விதி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மேகத்துக்குள்ளிருந்து வெளியே வருபவர். கருவிவழி விமானி நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கி மேகத்தின் அடிப்பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகிறார். 300 மீட்டர் கீழே பார்வைவழி விமானி இருந்தால், இருவருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம் கிடைக்கும். பார்க்க, உணர, விலகப் போதுமான நேரம். பக்கவாட்டு 1,500 மீட்டரின் கதை வேறு. மேலே சொன்ன வேகத்தில் எதிரெதிரே வந்தால் அது பதினோரு விநாடிகூட இல்லை. 12.5க்கே குறைவு. விதியைக் கச்சிதமாகக் கடைப்பிடித்த இருவருக்கும்கூட நேரம் போதாமல் போகலாம் என்பது கணக்கில் தெரிகிறது.

இன்னும் கவலையளிப்பது தாழ்வான ஜி வகுப்பில் இருக்கும் சலுகை. கடல்மட்டத்திலிருந்து 3,000 அடிக்குக் கீழே, அல்லது தரையிலிருந்து 1,000 அடிக்குள், பார்வைவழி விமானி மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். தரை தெரிந்தால் போதும். 300 மீட்டர் இடைவெளி அங்கே கட்டாயமில்லை. மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் இந்தச் சலுகை இல்லாவிட்டால் சின்ன விமானங்கள் பறக்கவே முடியாது என்பது உண்மைதான். ஆனால் சின்ன ஓடுபாதைகளில் இறங்கும் கருவிவழி விமானம் மேகத்தைவிட்டு வெளிவருவதும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். ஒருவர் உரசிக்கொண்டு பறக்க அனுமதிக்கப்பட்ட மேக அடிப்பகுதியில் மற்றவர் எட்டிப்பார்க்கிறார். ஜி வகுப்பின் முழு ஆபத்தும் இந்த மெல்லிய அடுக்கில் குவிந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

"வானம் இவ்வளவு பெரியது, இரண்டு புள்ளிகள் சந்திக்கவா போகின்றன?" என்று கேட்கலாம். விமானங்கள் கண்டபடி சிதறிப் பறந்தால் அந்தக் கேள்வி நியாயமானது. அவை சிதறுவதில்லை. எல்லோருக்கும் வேண்டியது ஓடுபாதையின் நுனி. பார்வைவழி விமானிகள் எல்லோரும் அதே ஆற்றையும் அதே பாலத்தையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கருவிவழி விமானிகள் எல்லோரும் அதே வான்பாதையின் நடுக்கோட்டில் போகிறார்கள். செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்த பிறகு அந்தக் கோட்டிலிருந்து அதிகம் விலகுவதில்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சிறிய ஜெட்டும் ஒரே பாதையில் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்து உரசின. பயணிகள் விமானத்தில் இருந்த 154 பேரும் இறந்தனர். வழிகாட்டல் அவ்வளவு துல்லியமாக இல்லாமல் இருந்திருந்தால் பக்கத்தில் கடந்துபோயிருக்கலாம். அதனால்தான் கடலுக்கு மேலே நடுக்கோட்டிலிருந்து சற்று வலப்புறம் விலகிப் பறக்க விமானிகளை அனுமதிக்கிறார்கள். வங்காள விரிகுடாவைக் கடக்கும் விமானங்களுக்கும் அந்த அனுமதி உண்டு.

வானிலையும் கூட்டம் சேர்க்கும். சித்திரை, வைகாசியில் வங்காளத்தைத் தாக்கும் கால்பைசாகி புயல் வடமேற்கிலிருந்து மிக விரைவில் எழும். அதன் வலிமைக்குச் சாட்சி, 1953 மே 2 அன்று டம்டத்திலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் ஹூக்ளி மாவட்டத்தில் சிதைந்து விழுந்த காமெட் ஜெட் விமானம். 43 பேர் இறந்தனர். இப்படியொரு புயல் எழுந்தால் பார்வைவழி விமானி கீழே ஒதுங்குவார். கருவிவழி விமானி பாதையைவிட்டு விலகிச் சுற்றுவார். இருவரும் எஞ்சியிருக்கும் அதே இடைவெளியைத் தேடி வருவார்கள்.

கண்ணை மட்டும் நம்பாமல் உயரத்தால் பிரிக்கவும் ஒரு விதி உண்டு. கிழக்கு நோக்கிப் போகும் கருவிவழி விமானங்களுக்கு 5,000, 7,000 என்று ஒற்றைப்படை ஆயிரங்கள். மேற்கு நோக்கிப் போனால் 6,000, 8,000 என்று இரட்டைப்படை. பார்வைவழி விமானங்கள் அதோடு 500 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். யாரும் யாரிடமும் பேசாமலேயே எல்லோரும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் உயரமானி அளப்பது காற்றழுத்தத்தை. அதை அன்றைய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தி வைக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் கொல்கத்தாவின் அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும்போது, ஒருவர் அதைத் திருத்தாமல் பொது அளவான 1,013இலேயே வைத்திருந்தால், அவர் தாம் நினைப்பதைவிடச் சுமார் 360 அடி தாழ்வாகப் பறப்பார். 500 அடி இடைவெளியில் மிஞ்சுவது 140 அடி. தவிர, இந்த அடுக்குமுறை மட்டமாகப் பறப்பவர்களுக்குத்தான். ஏறுபவரும் இறங்குபவரும் எல்லா அடுக்குகளையும் வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கட்டுப்பாடற்ற வானத்தின் விலையை உலகம் உணர்ந்தது 1956 ஜூன் 30 அன்று. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல், 21,000 அடி உயரத்தில், டி.டபிள்யூ.ஏ. விமானமும் யுனைடெட் விமானமும் மோதி 128 பேர் இறந்தனர். டி.டபிள்யூ.ஏ. விமானி மேகத்துக்கு 1,000 அடி மேலே, தானே பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பறக்க அனுமதி கேட்டுப் பெற்றிருந்தார். இரண்டு விமானங்களும் ஒரே உயரத்தில் ஒரே பகுதியை நோக்கிப் போகின்றன என்ற தகவல் தரையில் இருந்தது. ஆனால் அது கட்டுப்பாடற்ற வானம். எச்சரிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கா தன் வான்போக்குவரத்து நிர்வாகத்தையே புதிதாக அமைத்தது.

நமக்கு ஒரு பாடம் 1996 நவம்பர் 12 அன்று வந்தது. அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். அது கட்டுப்பாட்டுக்குள் இருந்த வானம். கட்டுப்பாட்டாளர் 15,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தும் கஜகஸ்தான் விமானம் 14,000 அடியில் இருந்த சவூதி விமானத்தின் உயரத்துக்கே இறங்கிவிட்டது. அதன் பிறகு மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமானது. டீகாஸ் என்று அழைக்கப்படும் இந்தக் கருவி, சுற்றியுள்ள விமானங்களிடம் ரேடியோ அலையில் கேள்வி கேட்கிறது. அவற்றில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற பதில்சொல்லி தன் உயரத்தைச் சொல்கிறது. ஆபத்தென்றால் ஒருவரை ஏறவும் மற்றவரை இறங்கவும் சொல்கிறது. பல உயிர்களைக் காத்த கருவி. ஆனால் எதிரே இருப்பவரிடம் பதில்சொல்லி இல்லையென்றால் டீகாஸுக்கு அவர் இல்லாதவர். அமெரிக்காவின் செரிட்டோஸில் 1986இல் ஒரு பயணிகள் ஜெட் மீது மோதிய சின்ன பைப்பரில் உயரத்தைச் சொல்லும் பதில்சொல்லி இருக்கவில்லை. 82 பேர் இறந்தனர்.

ஜி வகுப்புக்கே உரிய விபத்து ஒன்று அண்மையில் நடந்தது. நம் மங்களூரு அல்ல, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள மங்களூர். 2020 பிப்ரவரி 19 அன்று அந்தச் சின்ன விமானத்தளத்துக்கு அருகே இரண்டு இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள் சுமார் 4,100 அடி உயரத்தில் மோதின. நான்கு பேர் இறந்தனர். இரண்டுமே கருவிவழியில் பறந்தவை. இரண்டு விமானங்களுக்குமே மற்றொன்றைப் பற்றிக் கட்டுப்பாட்டாளர் ரேடியோவில் சொல்லியிருந்தார். ஜி வகுப்பில் அவர் கடமை அதோடு முடிகிறது. பிரித்துவைப்பது விமானிகளின் பொறுப்பு. ஒருவர் மேலேறிக்கொண்டிருந்தார், ஒருவர் தாழ்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலிய விபத்து ஆய்வு அமைப்பு இதை விரிவாக ஆராய்ந்தது. ஒருவரின் இடத்தை மற்றவருக்குத் திரையில் காட்டும் கருவி இருந்திருந்தால் கண்ணால் காண்பதற்கு வெகு முன்பே எச்சரிக்கை கிடைத்திருக்கும் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று.

அந்தக் கருவியின் பெயர் ஏ.டி.எஸ்.-பி. வேலை செய்யும் விதம் எளிது. விமானம் செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அறிந்து, ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை அதைச் சுற்றிலும் ஒலிபரப்புகிறது: இங்கே இருக்கிறேன், இவ்வளவு உயரம், இந்தத் திசை, இந்த வேகம். யாரும் கேட்க வேண்டியதில்லை, ரேடார் வேண்டியதில்லை, தரையில் கட்டுப்பாட்டாளர் இருக்க வேண்டியதில்லை. பக்கத்து விமானத்தில் இதை வாங்கும் கருவி இருந்தால் போதும். மேகம் இதை மறைக்காது. தலைக்கு மேல் இருக்கும் இறக்கையால் விமானியின் பார்வை மறைவதுபோல் இதன் அலை எளிதில் மறைவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் ஒரு விநாடி எட்டு விநாடியாகிறது என்ற ஆய்வு முடிவை இங்கே பொருத்திப் பாருங்கள். கண்ணை ஒதுக்காமல் கண்ணுக்குத் திசை சொல்கிறது இந்தக் கருவி. ரேடியோவில் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் பழைய வழக்கமும் இதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. ஆனால் கருவிவழி விமானி கட்டுப்பாட்டாளரின் அலைவரிசையிலும், பார்வைவழி விமானி உள்ளூர்த் தளத்தின் அலைவரிசையிலும் பேசிக்கொண்டிருந்தால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது.

இந்தியாவில் உயரமான அடுக்குகளில் பறக்க ஏ.டி.எஸ்.-பி. ஏற்கெனவே நிபந்தனை. அங்கே கட்டுப்பாட்டாளரும் இருக்கிறார், டீகாஸும் இருக்கிறது. 2018 அக்டோபர் இறுதியில் வங்கதேச எல்லையருகே இரண்டு பயணிகள் விமானங்கள் நெருங்கியபோது, கொல்கத்தா கட்டுப்பாட்டாளர் திரையில் கண்டு ஒன்றைத் திருப்பிவிட்டதாகச் செய்திகள் வந்தன. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வானத்தின் நன்மை அது. ஆள் இல்லாத தாழ்வான அடுக்கில்தான் இந்தக் கருவியின் தேவை அதிகம். அங்கேதான் அது குறைவு.

இதுவரை நம்மைக் காத்தது பெரும்பாலும் நெரிசலின்மை. இந்தியாவில் சின்ன விமானங்கள் குறைவு. இரவில் பார்வைவழிப் பறத்தலுக்கு, உள்ளூர்ப் பயிற்சி போன்ற விலக்குகள் தவிர, அனுமதி இல்லை. இந்த நிலை மாறிவருகிறது. உடான் திட்டம் 2017இல் பறக்கத் தொடங்கியதிலிருந்து சிறு நகரங்களின் ஓடுபாதைகள் உயிர்பெறுகின்றன. 2023இல் கொல்கத்தாவிலிருந்து கூச் பெஹாருக்கு ஒன்பது இருக்கை விமானம் போகத் தொடங்கியது. பயிற்சிப் பள்ளிகள் பெருகுகின்றன. கேதார்நாத் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர்கள் பார்வைவழியிலேயே மேகத்தோடு மல்லுக்கட்டுகின்றன. 2025 ஜூன் 15 அன்று அங்கே ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தனர். 2021இன் டிரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை டிரோன்களை முன்னனுமதியின்றிப் பறக்கவிடுகின்றன. டிரோனுக்குத் தலை திருப்பிப் பார்க்கும் விமானியும் இல்லை.

சான்றுகள் ஒரே பக்கம் நிற்கின்றன. கண் பாதிக்குச் சற்று மேல்தான் காண்கிறது, கண்டாலும் தாமதமாகவே காண்கிறது, மேகத்துக்குள் ஒன்றையும் காண்பதில்லை. ஆட்கள் ஏறும் எந்த விமானமும் ஹெலிகாப்டரும், இரண்டு இருக்கையே ஆனாலும், தன் இடத்தை ஒலிபரப்பாமல் இந்திய வானில் ஏறக் கூடாது என்ற விதியை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இப்போதே கொண்டுவர வேண்டும். மற்றவர் ஒலிபரப்பை வாங்கிக் காட்டும் கருவி ஒவ்வொரு பயிற்சி விமானத்திலும் இருக்க வேண்டும். 2022இல் ஆஸ்திரேலிய அரசு சின்ன விமான உரிமையாளர்களுக்கு இந்தக் கருவியின் செலவில் பாதிவரை திருப்பித் தந்தது. பயிற்சிப் பள்ளிகளுக்கும் பறத்தல் கழகங்களுக்கும் இங்கேயும் அப்படித் தர முடியும். விபத்துக்குப் பிறகு விதி எழுதுவது அமெரிக்கா 1956இலும் நாம் 1996இலும் செய்தது. இந்த முறை முன்னதாகவே எழுதிவிடுவோம்.